பீட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. டெல்டா மாவட்டம் ஒன்றில், ஒரு செய்தி சேனலுக்குத் தாலுகா ஸ்ட்ரிங்கராக இருக்கிறேன். ஒரு செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. அது போதாததால் சொந்தமாக ஒரு யூடியூப் சேனலும் நடத்துகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு, குளம் தூர்வாருவதாகச் சொல்லி ராத்திரியில் சவுடு மண் ஏற்றிப் போன லாரிகளை வீடியோ எடுத்துப் போட்டேன். மறுநாளே கமென்ட்டில் என் சாதி, என் அம்மா, என் உடம்பு என்று எல்லாவற்றையும் இழுத்தார்கள். மூன்றாம் நாள் என் முகத்தை வேறு உடம்பில் ஒட்டிய படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. எங்கள் ஊர் நிருபர்கள் க்ரூப்பில் (அதில் என்னைச் சேர்க்கவே இல்லை) ஒருவரே அதை ஃபார்வர்ட் செய்திருக்கிறார். சேனல் பொறுப்பாளர், "கொஞ்ச நாள் கோலப்போட்டி, சமையல்னு பண்ணுங்க, முகம் காட்டாதீங்க" என்கிறார். அம்மாவுக்குப் படம் விஷயம் இன்னும் தெரியாது. ராத்திரி இரண்டு மணி வரை கமென்ட் படித்துக்கொண்டிருக்கிறேன். முகத்தை மறைக்கவா, நம்பரை மாற்றவா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எம்.ஏ. சேரவா?

பதில்:

வணக்கம்மா. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது "இரண்டு மாதத்துக்கு முன்பு" என்ற வரிதான். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன் கீழ் புகார் கொடுக்க, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். ஒரு சக நிருபர் அந்தப் படத்தை ஃபார்வர்ட் செய்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். "நீ ஸ்ட்ரிங்கர்தானே, ஊழியர் இல்லையே" என்று யாராவது சொன்னால் அடங்கிப் போகாதீர்கள். தற்காலிகமாக வேலை பார்ப்பவர், தினக்கூலி, ஏன், சம்பளமே வாங்காமல் தன்னார்வமாகச் செய்பவர் வரை அந்தச் சட்டம் ஊழியர் என்றுதான் சொல்கிறது. வேலை நிமித்தமாக நீங்கள் போகிற இடமெல்லாம் பணியிடம்தான், கலெக்டர் ஆபீஸ் வராண்டா உட்பட. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. உங்கள் சேனலின் தலைமை அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுத்தில் அனுப்புங்கள். ஃபோனில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முகம், நம்பர், பீட் (நீங்கள் தொடர்ந்து செய்தி சேகரிக்கிற களம்) மூன்றையும் நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். விட்டால் மூன்றையும் விட வேண்டும், வைத்தால் மூன்றையும் வைக்க வேண்டும் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். முகத்தைக் காட்டுவதும் மறைப்பதும் உங்கள் விருப்பம், இன்று மறைத்து ஆறு மாதம் கழித்துக் காட்டினாலும் ஒன்றும் குறையாது. நம்பரை மாற்றலாம், அதற்கு வழி சொல்கிறேன். ஆனால் பீட், அதாவது அந்தக் குளம், அந்த லாரி, திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற ஜனம், அதை மட்டும் விடாதீர்கள். படத்தை ஒட்டினவனுக்கு உங்கள் முகத்தோடு என்ன பகை? நீங்கள் அந்தக் குளத்தங்கரைக்கு மறுபடி வரக்கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. கோலப்போட்டிக்குப் போங்கள் என்று சொல்கிற உங்கள் பொறுப்பாளர், நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொண்டாலும், அவன் கேட்டதைத்தான் கொடுக்கச் சொல்கிறார்.

இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. யுனெஸ்கோவும் சர்வதேசப் பத்திரிகையாளர் மையமும் சேர்ந்து 2020-இல் பல நாட்டுப் பத்திரிகையாளர்களிடம் கேட்டபோது, பதில் சொன்ன பெண்களில் 73 சதவீதம் பேர் இணையத்தில் இப்படிப்பட்ட வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர், அது திரையோடு நிற்காமல் நேரில் தாக்குதலாகவோ தொல்லையாகவோ வந்ததாகச் சொன்னார். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. "நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன்" என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. அதைக் கீழே இறக்கி வையுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு இதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன்பு, படிப்பை முடித்து ஒரு வருஷம் உள்ளூரில் நிருபராக இருந்த மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்து, கிட்டத்தட்ட இதே கதையைச் சொல்லி அழுதாள். அப்போது வாட்ஸ்அப் எல்லாம் இவ்வளவு இல்லை, ராத்திரியில் வரும் ஃபோன் கால்தான். நான், "கண்டுக்காதே, தானா அடங்கிடும்" என்று சொல்லி அனுப்பினேன். அது அடங்கவில்லை. அவள் வேலையை விட்டுவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டாள். நான் செய்தது தப்பு. பெண், தொழில்நுட்பம், உள்ளூர்ச் செய்தி என்று நான் ஆராய்ச்சி செய்ய வந்ததற்கு அவளும் ஒரு காரணம்.

கண்டுகொண்டவர்கள் கதை ஒன்று சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்டு பகுதியில், சித்ரகூடத்தில், 2002-இல் கபர் லஹரியா என்ற பத்திரிகை தொடங்கியது. நடத்தியதெல்லாம் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், பள்ளிக்கூடத்தை அரைகுறையாக விட்டவர்களும் அதில் உண்டு. அவர்கள் பேசுகிற புந்தேலி மொழியிலேயே எழுதி, அச்சடித்து, ஊர் ஊராகப் போய் விற்றார்கள். அப்புறம் கையில் ஸ்மார்ட்ஃபோன் வந்தது, முழுக்க வீடியோவுக்கு மாறினார்கள். ஆனால் ஃபோன் வழியாகத்தான் தொல்லையும் வந்தது. 2015-இல் ஒரு ஆள் மாதக்கணக்கில், நம்பரை மாற்றி மாற்றி, அந்தப் பெண்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு ஆபாசமாகப் பேசி மிரட்டினான். போலீசுக்குப் போனார்கள், நகரவே இல்லை. கடைசியில் தங்களுக்கு நடந்ததைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். அது பரவிய பிறகுதான் ஆள் கைதானான். அவர்கள் நம்பரைத் தொலைத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை. தங்கள் பீட்டில் வேறொரு பெண்ணுக்கு நடந்தால் எப்படி எழுதுவார்களோ, அப்படியே தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த நிதானம்தான். நீங்களும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை, உங்களோடு நிற்க அங்கே இருந்த மாதிரி ஒரு கூட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் குறிப்பு எடுத்து வையுங்கள், இன்றே.

குறிப்பு என்றால் வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது. கமென்ட் போட்டவனின் பெயர் தெரிந்தால் பத்தாது, பெயரை ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடுவான். அந்தக் கணக்கின் லிங்க், வீடியோவின் லிங்க், தேதி, மணி எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். ஒரு தடவை ஸ்க்ரீன் ரெக்கார்டிங் போட்டு, அவன் கணக்கைத் திறந்து, கமென்ட் வரைக்கும் உருட்டிக் காட்டிப் பதிந்து வையுங்கள். க்ரூப்பில் வந்த படத்தை உங்களுக்குக் காட்டியவர் யாரோ, அவருடைய ஃபோனில் அந்த மெசேஜ் அழியாமல் இருக்க வேண்டும், அவரிடம் இன்றே பேசுங்கள். கோர்ட்டில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் மெசேஜ் இருக்கிற அசல் ஃபோனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது.

போலீஸ் விஷயம். மாவட்டத்துக்கு ஒரு சைபர் க்ரைம் காவல் நிலையம் இருக்கிறது. தேசிய சைபர் க்ரைம் இணையதளத்திலும் புகார் போடலாம், 1930 என்ற உதவி எண்ணிலும் பேசலாம். ஆனால் என் அனுபவத்தில், இணையத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட எழுத்துப் புகாரோடு நேரில் போய், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தருகிற சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் வாங்காமல் திரும்பாமல் இருப்பதுதான் வேலை செய்கிறது. தனியாகப் போகாதீர்கள், ஒரு வழக்கறிஞரையோ மூத்த நிருபரையோ கூட்டிப் போங்கள். ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளில் வரும். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆவது பிரிவு, முன்பு ஐபிசி 509 என்று செய்தியில் எழுதுவோமே, அதுதான். சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால் அதைப் புகாரில் தனியாக, தெளிவாக எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் டிஎஸ்பி அந்தஸ்தில் இருப்பவர்தான் விசாரிக்க வேண்டும், வழக்கின் கனமே மாறிவிடும்.

"நான் படத்தைச் செய்யவில்லை, வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று அந்த நிருபர் சொல்வார். கட்டாயம் சொல்வார். 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்த முன்னாள் எம்எல்ஏ எஸ்.வி.சேகரும் வேறொருவர் எழுதியதைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகத்தான் சொன்னார். சென்னை சிறப்பு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஆறு வருஷம் ஆனது என்பது வருத்தம்தான். ஆனாலும் ஃபார்வர்ட் செய்தவனுக்கும் பொறுப்பு உண்டு என்று இந்த மாநிலத்திலேயே ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உங்கள் ஊர் க்ரூப்புக்கும் அது பொருந்தும்.

அந்தப் படம் மறுபடி மறுபடி முளைக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) என்ற இணையதளத்தில், படத்தை எங்கேயும் ஏற்றாமல், உங்கள் ஃபோனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண்ணை உருவாக்கி, அந்த எண் மட்டும் முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது அங்கே ஏற்றினால் அடையாளம் கண்டு தடுக்கப் பார்ப்பார்கள். ஒட்டுப்படத்துக்கும் இது செல்லும். தனிப்பட்ட வாட்ஸ்அப் க்ரூப்புகளுக்குள் நடப்பதை இது பிடிக்காது, அதற்குப் போலீஸ் புகார்தான்.

கமென்ட்டை ராத்திரி இரண்டு மணிக்குப் படிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். யூடியூபில் கமென்ட்டைப் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே காட்டும் வசதி இருக்கிறது. தடுக்க வேண்டிய சொற்களின் பட்டியலும் போட்டு வைக்கலாம். கெட்ட வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்தில் தமிழாக அடிப்பது போலவும், எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையையும் போடுங்கள், சாதிப் பெயர்களையும் சேருங்கள். அந்தப் பட்டியலை நீங்கள் தயாரிக்க வேண்டாம், ஒரு சிநேகிதியிடம் கொடுங்கள். வாரம் ஒரு தடவை அவரே கமென்ட்டைப் பார்த்து, மிரட்டல் எது, செய்திக்கான துப்பு எது என்று பிரித்துச் சொல்லட்டும். துப்பு இருக்கும், கண்டிப்பாக. மண் லாரி வீடியோவின் கீழே, "எங்க ஊர் ஏரியிலயும் இதான் நடக்குது" என்று யாராவது எழுதியிருப்பார்கள். அந்தச் சாக்கடையில் அது உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும்.

நம்பரைப் பொறுத்தவரை, இப்போது இருப்பதை அழிக்காதீர்கள், அதில்தான் இத்தனை நாள் சேர்த்த தொடர்புகள் இருக்கும். சேனலில் போட்டிருக்கிற நம்பரை எடுத்துவிட்டு இரண்டாவது சிம் வாங்கி அதைப் போடுங்கள். அதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் வையுங்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தானாகப் பதில் போகட்டும். பழைய நம்பர் தெரிந்தவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். டிபியில் வீட்டாரோடு இருக்கிற படம் வேண்டாம்.

இப்போது அந்த நிருபர்கள் க்ரூப். அது தனிப்பட்ட க்ரூப் என்றால் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று உரிமையாகக் கேட்க முடியாது, அந்தப் படம் வந்த க்ரூப்பில் நீங்கள் உட்கார வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கலெக்டரின் பிரஸ் மீட், அமைச்சர் வருகை எல்லாம் அந்த ஒரு க்ரூப்பில்தான் வருகிறது என்றால் அது வேறு விஷயம். செய்தி மக்கள் தொடர்பு அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்: அரசுத் தகவல் தாலுகா நிருபர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும், என் மின்னஞ்சலும் நம்பரும் இவை என்று. ஒரு நகல் கலெக்டருக்கு. பல ஊர்களில் நான் கேட்டதில், யாரும் வேண்டுமென்று சேர்க்காமல் விட்டதில்லை, "அதுல கண்டமேனிக்கு வரும், உங்களுக்கு எதுக்கு மேடம்" என்று அக்கறையாகச் சொல்லித்தான் பெண்களைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த அக்கறையால் செய்தி அவர்களுக்கு ஒரு மணி நேரம் லேட்டாகப் போகிறது, நம் தொழிலில் ஒரு மணி நேரம் என்பது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

கோலப்போட்டிக்கு வருகிறேன். கோலப்போட்டி செய்தியும் செய்திதான், எனக்கு அதில் இளக்காரம் இல்லை. பெண் நிருபருக்கு அது மட்டும்தான் என்பதில்தான் எனக்குச் சண்டை. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில் பல நாடுகளின் செய்திகளை எடுத்துக்கொண்டு, அதில் பேசுகிறவர்கள், பேசப்படுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறது. 1995-இல் 17 சதவீதம். 2020-இல் 25. கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளி. நான் வகுப்பில் ஊர்ப் பக்கத்தைக் கொடுத்து மாணவர்களை இதே மாதிரி எண்ணச் சொல்வேன். பெண் பெயர் எங்கே வருகிறது என்று பார்த்தால் செயின் பறிப்பு, கள்ளக்காதல், தூக்கு. சாலை, தண்ணீர், பட்ஜெட் என்று வந்தால் பேசுவதெல்லாம் ஆண். உள்ளாட்சியில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று இந்த மாநிலம் 2016-இல் சட்டம் கொண்டுவந்த பிறகும், ஊராட்சித் தலைவரின் பேட்டி என்று போனால் மைக் அவர் வீட்டுக்காரரிடம்தான் போகிறது.

போன வருஷம் ஒரு கிராம சபைக் கூட்டத்துக்கு, அந்த ஊரில் இருந்த என் மாணவியோடு போயிருந்தேன். இரண்டு சேனல்காரர்கள் லோகோ போட்ட மைக்கோடு வந்தார்கள், தலைவரின் கணவரிடம் பேசினார்கள், பத்து நிமிஷத்தில் போய்விட்டார்கள். தலைவர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மாணவி ஃபோனைப் பையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அக்கா, மேல்நிலைத் தொட்டி மோட்டார் எப்போ ரிப்பேர் ஆச்சு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மோட்டார் எரிந்த தேதி, எத்தனை தடவை ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தார், யார் கையெழுத்துப் போடவில்லை, எல்லாம் அந்தம்மாவின் விரல் நுனியில் இருந்தது. பாதியில்தான் என் மாணவி, "பதிஞ்சுக்கட்டுமாக்கா" என்று கேட்டு ஃபோனை வெளியே எடுத்தாள். அது கையளவு ஃபோன், பிடித்திருப்பவளும் பெண், அதனால் அந்தம்மா தொடர்ந்து பேசினார். மைக் வைத்திருந்த இரண்டு பேருக்கும் அந்தச் செய்தி கிடைக்கவே இல்லை.

உங்களுக்கும் இந்த பலம் இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாகச் சொன்னேன். மண் லாரி ராத்திரி எத்தனை மணிக்குப் போகிறது என்று சரியாகத் தெரிந்தவர்கள் விடியற்காலையில் அந்தக் கரையில் ஆடு மாடு ஓட்டுகிற, நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள்தான். பொறுப்பாளர் சுயஉதவிக் குழுச் செய்தி எடுக்கச் சொன்னால் சரி என்று போங்கள். குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து குளத்தைப் பற்றிக் கேளுங்கள்.

அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேறு யாராவது ஃபோனை நீட்டிக் காட்டுவதற்கு முன்னால் உங்கள் வாயால் அவர் கேட்கட்டும். படத்தைக் காட்ட வேண்டாம். "என் முகத்தை ஒட்டி ஒரு பொய்ப் படம் செய்திருக்காங்க, போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன்" என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். முதல் நாள் அழுவார், திட்டுவார், கல்யாணப் பேச்சை எடுப்பார். இரண்டாவது நாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு யார் கூட வருவது என்று கேட்பார். எல்லா அம்மாவும் அப்படி என்று நான் உத்தரவாதம் தர முடியாது, ஆனால் நிறைய அம்மாக்களை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

எம்.ஏ.வா? படிக்க ஆசை இருந்தால் தொலைநிலைக் கல்வியில் சேருங்கள், வேலையை விடாமலே படிக்கலாம். ஓடி ஒளிய ஒரு இடமாக என்றால் வேண்டாம்.

அப்புறம் அந்தக் குளம். முதல் வீடியோவில் லாரியைக் காட்டினீர்கள், காகிதத்தைக் காட்டவில்லை. மாவட்டக் கனிமவளத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: அந்தச் சர்வே எண்ணில் மண் எடுக்க அனுமதி யாருக்கு, எத்தனை கன மீட்டருக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மண் ஏற்றிப் போக லாரிகளுக்கு வழங்கிய நடைச்சீட்டுகளின் நகல். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக்கூடாது, தொடர்புகொள்ளத் தேவையானதற்கு மேல் சொந்த விவரம் எதையும் நீங்கள் தர வேண்டியதும் இல்லை. வீட்டு முகவரியைப் போடாதீர்கள், புகாருக்கு உங்களோடு வருகிற வழக்கறிஞரின் அலுவலக முகவரி இருக்கட்டும். பதிலுக்கு முப்பது நாள். சிஎஸ்ஆர் ரசீது கைக்கு வந்த அன்றே இந்த மனுவையும் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.